தமிழ்த் தரவுத்தள வழங்கிக்கு உகந்த சேமிப்பகம்: வன்தட்டும் திடநிலைச் சேமிப்பகமும்

1.0 முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் கற்பிக்கும் உயர்கல்விக்கூடங்கள் சொற்றொகுதிகளையும் இதழ்த் தொகுப்புகளையும் அகராதிகளையும் கணினித் தரவுத்தளங்களாகப் பேணத் தலைப்பட்டுள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் தொகுத்து இதற்கு முன்னோடியாக விளங்கியது. 2015இல் சிங்கப்பூரின் 50 ஆண்டுக்காலத் தமிழ் இலக்கிய நூல்கள் மின்மயமாக்கப்பெற்று, தேசிய நூலக வாரியத்தின்வழி பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தன. இத்தகைய பெருந்திட்டங்களில் கணினி வல்லுநர்கள் உடனிருப்பர். ஆனால் ஒரு துறை தன் ஆய்வு மானியத்தில் ஒரு தரவுத்தள வழங்கியை வாங்க முற்படும்போது நிலைமை வேறு. விலைப்புள்ளியில் கையொப்பமிடுபவர் பெரும்பாலும் மொழி அல்லது இலக்கியம் பயின்ற விரிவுரையாளராகவே இருப்பார். அவர்முன் வரும் முதல் வினா, தரவுகளை வன்தட்டில் வைப்பதா, திடநிலைச் சேமிப்பகத்தில் வைப்பதா என்பதாகும்.

திடநிலைச் சேமிப்பகம் விரைவானது, வன்தட்டு மலிவானது என்ற அளவில் விற்பனையாளர் தரும் விடை உண்மையே. ஆயினும் அது போதுமானதன்று. தரவு ஒன்றைத் தேடுதல், எழுதுதல், பேணுதல் ஆகிய மூன்றும் வெவ்வேறு பணிகள். இவை சேமிப்பகத்திடம் எதிர்பார்க்கும் பண்புகளும் வெவ்வேறானவை. எனவே, எது சிறந்த சாதனம் என்று வினவுவதைவிட, எந்தப் பணிக்கு எது உகந்தது என்று வினவுவதே பொருத்தமுடையது. இக்கருத்தை, ஒரு தமிழ்த் துறையின் தரவுத்தளத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2.0 இரு சாதனங்களின் இயங்குமுறை

2.1 வன்தட்டு

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தோற்றம் பெற்ற 1956ஆம் ஆண்டிலேயே ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்னும் கணினியுடன் உலகின் முதல் வன்தட்டை அறிமுகப்படுத்தியது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அப்பெரும் சாதனம் ஏறத்தாழ 5 மில்லியன் எழுத்துக்குறிகளையே தாங்கியது. அண்மை ஆண்டுகளில் உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டொன்று 30 டெராபைட்டு அளவை எட்டியுள்ளது. கொள்ளளவு இவ்வாறு பெருகினும் அடிப்படை இயக்கம் மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு சுழல, அதன்மேல் ஒரு படிப்புமுனை முன்னும் பின்னும் நகர்ந்து தரவைப் படிக்கிறது.

இவ்வியக்கத்தில் இருவகைக் காத்திருப்புகள் உள்ளன. படிப்புமுனை உரிய தடத்தை அடைய ஆகும் நேரம் ஒன்று. வேண்டிய பகுதி சுழன்று முனையின்கீழ் வந்துசேர ஆகும் நேரம் மற்றொன்று. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும் எனக் கொண்டால் 4.2 மில்லி விநாடி கழிகிறது. முனை நகர்வதற்கு ஏறத்தாழ 8 மில்லி விநாடி சேர்த்தால், ஓரிடத்தைச் சென்றடைய 12 மில்லி விநாடிக்கு மேலாகும். அதாவது, சிதறிக் கிடக்கும் தரவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்க நேர்ந்தால் ஒரு விநாடியில் 80 இடங்களையே வன்தட்டு சென்றடையும். மாறாக, தரவு ஒரே தொடராக அமைந்திருப்பின் விநாடிக்கு 200 மெகாபைட்டு அளவில் அதனால் படிக்கவியலும். இவ்விரு நிலைகளுக்குமிடையே உள்ள பெருவேறுபாடே இக்கட்டுரையின் அடிப்படை எனலாம்.

2.2 திடநிலைச் சேமிப்பகம்

எஸ்எஸ்டி என்ற சுருக்கப் பெயரால் கடைகளில் வழங்கும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்போ நகரும் உறுப்போ இல்லை. தோஷிபா நிறுவனத்தைச் சார்ந்த ஃபுஜியோ மசுவோக்காவும் அவர்தம் குழுவினரும் 1987இல் அறிவித்த நான்ட் வகை ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. நுண்ணிய மின்கலங்களில் மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைப்பதன்மூலம் தரவு காக்கப்படுகிறது. எந்த இடத்திலுள்ள தரவையும் ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடியில், அதாவது மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கில், இதனால் படிக்கவியலும். சில்லுகள் பல ஒரே வேளையில் இயங்குவதால், ஒருசேர வரும் பல கோரிக்கைகளையும் இது தாமதமின்றி நிறைவேற்றும்.

எழுதுவதில் மட்டும் இதற்கொரு சிக்கல் உண்டு. எழுதப்பெற்ற பக்கத்தின்மீது நேரடியாக மீண்டும் எழுதவியலாது. முதலில் அழிக்க வேண்டும். பக்கம் பக்கமாக அழிக்கவும் முடியாது. பல பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதியை முழுமையாகவே அழிக்க வேண்டும். ஆகவே உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, புதிய தரவை வேறிடத்தில் எழுதிவிட்டுப் பழைய இடத்தைப் பின்னர்த் துப்புரவு செய்கிறது. நாம் ஒரு பங்கு எழுதினால் அது உள்ளே ஒன்றிற்கு மேற்பட்ட பங்காகப் பெருகுவது இதனாலேயே. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் மின்கலம் சிறிது தேய்கிறது. ஒரு கலத்தில் 3 பிட்டு வைக்கும் இன்றைய பரவலான வகை ஏறத்தாழ 1,000 முதல் 3,000 அழிப்புகளைத் தாங்கும் எனக் கூறப்படுகிறது.

3.0 தேடுதல்: சொல்லடைவும் சேமிப்பகமும்

தரவுத்தள மென்பொருள் தரவைப் பக்கங்களாகப் பகுத்து வைக்கும். இப்பக்கத்தின் அளவு போஸ்ட்கிரே எஸ்கியூஎல் மென்பொருளில் 8 கிலோபைட்டு. மைஎஸ்கியூஎல் மென்பொருளில் வழக்கமாக 16 கிலோபைட்டு. ஒரு சொல் எந்தெந்தப் பக்கங்களில் உள்ளது என்பதைக் காட்டும் அடைவு தனியே பேணப்படும். சங்க இலக்கியச் சொல்லடைவைப் பயன்படுத்தியோர்க்கு இம்முறை புதிதன்று. அடைவில் ஒரு சொல்லைக் கண்டறிதல் எளிது. அது சுட்டும் ஒவ்வோர் இடத்திற்கும் சென்று, நூலை எடுத்து, பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதே நேரத்தை விழுங்கும் பணி. தரவுத்தளத்திலும் அவ்வாறே.

ஒரு நாளிதழ்த் தொகுப்பில் ஒரு சொல் 10,000 வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடப்பதாகக் கொள்வோம். அவற்றை வன்தட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்க, விநாடிக்கு 80 என்ற கணக்கில், 125 விநாடி ஆகும். திடநிலைச் சேமிப்பகத்தில் அப்பணி 1 விநாடியில் முடியும். இத்தனைக்கும் படிக்கப்பெற்ற தரவின் மொத்த அளவு 80 மெகாபைட்டு மட்டுமே. அதே 80 மெகாபைட்டு தொடர்ச்சியாக இருந்திருந்தால் வன்தட்டே அதனை அரை விநாடிக்குள் படித்திருக்கும். மென்பொருள் பக்க எண்களை முன்கூட்டியே வரிசைப்படுத்திக்கொண்டால் 125 விநாடி என்பது குறையும் என்பது உண்மை. ஆயினும் அடிப்படை வேறுபாடு மறைவதில்லை.

இவ்வேறுபாட்டை மென்பொருளும் அறிந்தே இயங்குகிறது. தொடர்ச்சியாக ஒரு பக்கத்தைப் படிப்பதற்கு 1 என்றும், சிதறிய ஒரு பக்கத்தைப் படிப்பதற்கு 4 என்றும் போஸ்ட்கிரே எஸ்கியூஎல் இயல்பாகச் செலவு கணிக்கிறது. அக்கணிப்பின்படி அடைவின்வழி செல்வது இழப்பு எனத் தோன்றினால், அடைவைப் புறக்கணித்து முழு அட்டவணையையும் தொடக்கம் முதல் இறுதி வரை படித்துவிடும். திடநிலைச் சேமிப்பகத்திற்கு மாறிய பின்னரும் இம்மதிப்பை மாற்றாமல் விட்டுவிட்டால், புதிய சாதனத்தின் பயன் முழுமையாகக் கிட்டாமற்போகக் கூடும். ஆகவேதான் திடநிலைச் சேமிப்பகத்தில் இம்மதிப்பை 1.1 என்ற அளவிற்குக் குறைப்பது வழக்கமாக உள்ளது. சாதனத்தை மாற்றுவோர் அமைப்பு மதிப்புகளையும் மாற்றும்படி தொழில்நுட்ப அலுவலரைக் கேட்டுக்கொள்வது நலம்.

4.0 தமிழ்த் தரவின் அளவு

சேமிப்பகத்தைத் தேர்ந்தெடுக்குமுன் நம் தரவு எவ்வளவு என்பதை அறிதல் இன்றியமையாதது. இப்படிநிலையே பெரும்பாலும் புறக்கணிக்கப்படுகிறது.

ஒருங்குறியில் அமைந்த தமிழ்க் குறி ஒவ்வொன்றும் இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டு இடம் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல் நம் கணக்கில் மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறியீடு, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக, 15 பைட்டு. இவ்வாறு இடம் மிகுதியாகத் தேவைப்பட்டபோதிலும், திருக்குறளின் 1,330 குறட்பாக்களும் அரை மெகாபைட்டிற்குள் அடங்கிவிடும். சங்க இலக்கியப் பாடல்கள் 2,381உம் சில மெகாபைட்டுகளுக்கு மிகா. 100,000க்கும் மேற்பட்ட தலைச்சொற்களைக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை முழுமையாக உள்ளிட்டாலும் 100 மெகாபைட்டு போதுமானது என மதிப்பிடலாம்.

இவற்றோடு ஒரு நாளிதழ்த் தொகுப்பை ஒப்பிடுவோம். நாளொன்றுக்கு 12 பக்கம், ஆண்டுக்கு 300 நாள், 50 ஆண்டு எனக் கொண்டால் 180,000 பக்கங்கள் சேரும். பக்கத்திற்கு 3,000 சொல், சொல்லுக்குச் சராசரியாக 25 பைட்டு எனின், எழுத்துத் தரவு ஏறத்தாழ 13.5 கிகாபைட்டு. ஆனால் அப்பக்கங்களின் படிமங்களையும் பேண வேண்டும். 38 செ.மீ. அகலமும் 57 செ.மீ. உயரமும் உடைய ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 400 புள்ளி என்ற அளவில் சாம்பல் நிறச் சாயையில் வருடினால், சுருக்கப்படாத நிலையில் ஒரு படிமம் ஏறத்தாழ 54 மெகாபைட்டு ஆகும். 180,000 பக்கங்களுக்கும் சேர்த்துக் கணக்கிடின் கிட்டத்தட்ட 10 டெராபைட்டு. எழுத்துத் தரவைப் போல் 700 மடங்கிற்கும் மேல்!

இக்கணக்கிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, எழுத்துத் தரவும் அதன் அடைவுகளும் 64 கிகாபைட்டு முதன்மை நினைவகமுடைய ஓர் எளிய வழங்கியில் முழுமையாகவே அடங்கிவிடும். ஒருமுறை படிக்கப்பெற்ற பக்கங்கள் நினைவகத்தில் தங்கிவிடுவதால், மீண்டும் தேடும்போது சேமிப்பகத்தை நாட வேண்டிய தேவையே எழாது. ஆகவே, நூல்களும் அகராதிகளும் மட்டுமே கொண்ட ஒரு துறை தன் பணத்தை முதலில் நினைவகத்தில் செலவிடுவதே முறை. இரண்டாவது, படிமங்களை யாரும் சொல்லடைவுபோல் தேடுவதில்லை. எழுத்துத் தரவில் தேடிக் கண்டறிந்த பின் உரிய ஒரு படிமத்தைத் திறந்து பார்ப்பர். அப்படிமம் தொடர்ச்சியான ஒரு கோப்பு. வன்தட்டு அதனைக் கால் விநாடி அளவில் எடுத்துத் தந்துவிடும். ஒரு டெராபைட்டுக்கான விலையில் பெருங்கொள்ளளவு வன்தட்டு பல மடங்கு மலிவாக இருக்கும்போது, படிமங்களைத் திடநிலைச் சேமிப்பகத்தில் வைப்பதால் பெறும் பயன் சிறிதே.

5.0 எழுதுதல்: மின்தடையும் உறுதிமொழியும்

ஒரு பதிவு உள்ளிடப்பெற்றதும் தரவுத்தளம் அதனை முதலில் ஒரு செயற்பதிவேட்டில் எழுதுகிறது. அப்பதிவேடு நிலையான சேமிப்பகத்தை அடைந்துவிட்டது என்ற உறுதிமொழி சாதனத்திடமிருந்து வந்த பின்னரே, பதிவு ஏற்கப்பட்டது எனப் பயனருக்கு அறிவிக்கிறது. இடையில் மின்சாரம் தடைப்பட்டாலும், மீண்டும் இயங்கும்போது பதிவேட்டைப் பார்த்துத் தன்னைச் சீர்செய்துகொள்ளும். இந்த உறுதிமொழி மெய்யாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி.

ஒரு சுற்றுக்கு ஓர் உறுதிமொழி எனக் கொண்டால், 7,200 சுற்று வன்தட்டு விநாடிக்கு 120 பதிவுகளை ஏற்கும். பத்து ஆய்வு உதவியாளர்கள் ஒருசேர அமர்ந்து தட்டச்சு செய்யும் துறைக்கு இது தாராளமாகப் போதும். 100,000 அகராதிப் பதிவுகளைத் தனித்தனியே ஏற்றினால் மட்டும் 14 நிமிடம் அளவிற்குக் காத்திருக்க நேரும். அவற்றை ஒரே பரிமாற்றமாகத் திரட்டி ஏற்றினால் அக்காத்திருப்பும் மறைந்துவிடும். புதிய சாதனம் தரும் பயனைச் சில வேளைகளில் நல்ல வழக்கமே தந்துவிடும் என்பதற்கு இது சான்று.

ஆனால் விரைவைக் காட்டுவதற்காகச் சாதனங்கள் தரவைத் தம் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எழுதிவிட்டதாகக் கூறுவதும் உண்டு. மின்தடை நேர்ந்தால் அத்தரவு அழிந்துவிடும். திடநிலைச் சேமிப்பகத்தில் இவ்விடர் மேலும் நுட்பமானது. ஏனெனில், எத்தரவு எந்தக் கலத்தில் உள்ளது என்பதைக் காட்டும் உள் வரைபடமே குலைந்துபோகக் கூடும். ஐந்து நிறுவனங்களின் 15 திடநிலைச் சேமிப்பகங்களை மின்தடைக்கு உட்படுத்திச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2013இல் வெளிவந்தது. அவற்றுள் 13 சாதனங்கள் எதிர்பாராப் பழுதுகளைக் காட்டின. இடியும் மின்னலும் மிகுந்த நம் நாடுகளில் இம்முடிவு கருத்திற்கொள்ளத்தக்கது.

இவ்விடரைக் களையும் வழி உண்டு. வழங்கிகளுக்கெனத் தயாரிக்கப்பெறும் திடநிலைச் சேமிப்பகங்களுள் பல, மின்தேக்கிகளைத் தம்முள் கொண்டுள்ளன. மின்சாரம் நின்றாலும், தற்காலிக நினைவகத்தில் உள்ளதை எழுதி முடிக்கும் அளவிற்கு அவை ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். மடிக்கணினிகளுக்கென விற்கப்பெறும் மலிவான வகைகளில் இவ்வமைப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. இரண்டும் ஒரே கொள்ளளவு உடையவை, படிக்கும் வேகமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் விலைப்புள்ளியில் மலிவானதே வெல்லும். ஆகவே, மின்தடைப் பாதுகாப்பு உண்டா என்ற வினாவைத் துறையே எழுப்புதல் வேண்டும்.

6.0 தேய்மானமும் ஆயுளும்

திடநிலைச் சேமிப்பகம் எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்ற அச்சம் தமிழ் ஆசிரியரிடையேயும் பரவலாக உண்டு. நாளொன்றுக்குத் தன் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதலாம் என்ற உறுதியுடன் ஐந்தாண்டு உத்தரவாதம் தரப்பெற்ற 960 கிகாபைட்டு சாதனத்தைக் கருதுவோம். அதன் மொத்த எழுதும் அளவு ஏறத்தாழ 1,750 டெராபைட்டு. ஒரு துறை நாளொன்றுக்கு 20 கிகாபைட்டு எழுதினாலும் ஐந்தாண்டில் 36.5 டெராபைட்டே ஆகும். இது தாங்கும் அளவில் 2 விழுக்காடு. எனவே நம் பயன்பாட்டில் தேய்மானம் ஒரு பொருட்டன்று. அஞ்ச வேண்டியவை வேறு மூன்று.

முதலாவது, நம்பகத்தன்மை பற்றிய மதிப்பீடு. பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் ஆகிய இருவரும் ஏறத்தாழ 100,000 வட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தயாரிப்பாளர் தரும் எண்களின்படி ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டிற்குமேல் பழுதாகக் கூடாது; நடைமுறையிலோ 2 முதல் 4 விழுக்காடு மாற்றப்படுவது இயல்பாக இருந்தது; சில அமைப்புகளில் 13 விழுக்காட்டையும் எட்டியது. ஷ்ரோடர் பின்னர்க் கூகுள் நிறுவனத்தாரோடு இணைந்து 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, திடநிலைச் சேமிப்பகங்கள் வன்தட்டுகளைவிடக் குறைவாகவே மாற்றப்படுகின்றன எனவும், ஆனால் திருத்தவியலாத படிப்புப் பிழைகள் அவற்றில் மிகுதி எனவும் காட்டியது. முழுமையாக இறந்துபோகும் சாதனத்தை நாம் உடனே அறிவோம். ஒரு பக்கத்தை மட்டும் மௌனமாக இழந்த சாதனத்தை அறிவது கடினம்.

இரண்டாவது, ஒரே நேரத்தில் நிகழும் இறப்பு. ஹியூலட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் 2019 நவம்பரில் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அது விற்ற சில வகைத் திடநிலைச் சேமிப்பகங்கள், உள்மென்பொருளைப் புதுப்பிக்காவிடின், 32,768 மணி நேரம் இயங்கியதும் செயலிழந்துவிடும் என்றும், அவற்றிலுள்ள தரவை மீட்கவியலாது என்றும் அறிவித்தது. 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம் என்பது அதன் பொருள். ஒரே நாளில் இயக்கத் தொடங்கிய இரு சாதனங்களில் ஒன்றன் படியை மற்றொன்றில் வைத்திருந்தால், இரண்டும் ஒரே மணி நேரத்தில் மடியக்கூடும். இணைவட்டு அமைப்பு காப்புப்படிக்கு ஈடாகாது என்பதை இதனினும் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சி அரிது.

மூன்றாவது, மின்சாரமின்றிக் கிடக்கும் நிலை. மின்கலத்தில் சிறைப்பட்ட மின்னூட்டம் காலப்போக்கில் கசியும். வெப்பம் மிகுந்தால் விரைவாகக் கசியும். ஜெடெக் என்னும் தர அமைப்பின் விதிப்படி, தன் எழுதும் ஆயுளை முற்றும் செலவிட்ட வழங்கிச் சாதனம், மின்சாரம் இல்லாத நிலையில் 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 3 மாதம் தரவைக் காத்தால் போதுமானது. தனிக்கணினிக்கான சாதனத்திற்கு 30 பாகையில் ஓராண்டு. சிறிதே பயன்படுத்தப்பெற்ற சாதனம் இதனினும் நெடுங்காலம் தாங்கும் என்பது உண்மையே. எனினும், திட்டம் முடிவுற்றதும் தரவைத் திடநிலைச் சேமிப்பகமொன்றில் படியெடுத்து, குளிரூட்டி இல்லாத அறையின் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, பாதுகாத்துவிட்டோம் எனக் கருதுவது பிழையாகும். அலமாரியில் வைக்கும் படிக்கு வன்தட்டே ஏற்றது. அதனையும் ஆண்டுக்கொரு முறையேனும் இயக்கிச் சரிபார்த்தல் வேண்டும்.

7.0 ஒரு துறைக்கான பரிந்துரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு தமிழ்த் துறை பின்வரும் வரிசையில் தன் நிதியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

அ. முதன்மை நினைவகம்: எழுத்துத் தரவும் அடைவுகளும் அடங்கும் அளவிற்கு நினைவகத்தை முதலில் வாங்குதல். தேடும் வேகத்திற்கு இதுவே பெருந்துணை.

ஆ. தரவுத்தளக் கோப்புகள், அடைவுகள், செயற்பதிவேடு: மின்தடைப் பாதுகாப்புடைய இரு திடநிலைச் சேமிப்பகங்கள், ஒன்றன் படி மற்றொன்றில் இருக்குமாறு. இயலுமாயின் இரண்டும் வெவ்வேறு தயாரிப்பாளருடையனவாக இருத்தல் நலம். எழுத்துத் தரவு சிறிது என்பதால் பெருங்கொள்ளளவு தேவையில்லை. ஆகவே தரமான சாதனமும் மானியத்திற்கு எட்டும் விலையில் கிட்டும்.

இ. பக்கப் படிமங்கள், ஒலிப்பதிவுகள், காணொளிகள்: வன்தட்டுகள். இவற்றை வாங்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கூரை ஓடுகள்போல் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதும் ஒரு வகை வன்தட்டு மலிவாகக் கிடைக்கும். சிதறலாக எழுதும்போது அது மிகவும் தளர்ந்துவிடும். எனவே இணைவட்டு அமைப்பிற்கு அது உகந்ததன்று. மேலும், 20 டெராபைட்டு வன்தட்டொன்று பழுதுற்றால், விநாடிக்கு 200 மெகாபைட்டு என்ற முழு வேகத்தில் மீட்டெழுதினாலும் 27 மணி நேரத்திற்கு மேலாகும். அதற்குள் மற்றொன்று பழுதடையலாம். ஆதலால் இரு வன்தட்டுகள் பழுதுற்றாலும் தாங்கும் அமைப்பே பாதுகாப்பானது.

ஈ. காப்புப்படிகள்: நாள்தோறும் தரவுத்தளத்தின் முழுப்படி ஒன்று தனி வன்தட்டில், வாரந்தோறும் ஒன்று வேறு கட்டடத்தில் அல்லது வேறு வளாகத்தில். பருவத்திற்கு ஒருமுறை அப்படியிலிருந்து தரவுத்தளத்தை மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத படியைப் படி எனக் கொள்ளலாகாது.

உ. தடையில்லா மின்வழங்கி: இதன் விலை ஏனையவற்றோடு ஒப்பிடச் சிறிது. எந்த வகைச் சேமிப்பகத்தைத் தேர்ந்தாலும் இது விலக்கத்தக்கதன்று.

இவ்வரிசையில் வன்தட்டும் திடநிலைச் சேமிப்பகமும் போட்டியாளர்களாக இல்லாமல், ஒரு வழங்கியில் வெவ்வேறு பணியேற்றவையாக அமைவதைக் காணலாம். நிதி மிகவும் குறுகி, இரண்டில் ஒன்றே வாங்கவியலும் என்ற நிலை எழுந்தால், தரவின் தன்மையே விடை கூறும். படிமங்கள் மிகுந்த தொகுப்பிற்கு வன்தட்டும் கூடுதல் நினைவகமும். பலர் ஒருசேரத் தேடியும் திருத்தியும் பயன்படுத்தும் சொற்றொகுதிக்குத் திடநிலைச் சேமிப்பகம். எந்நிலையிலும் காப்புப்படிக்கான தொகையைக் குறைத்து முதன்மைச் சாதனத்தை உயர்த்துதல் கூடாது.

8.0 முடிவுரை

1924இல் தோன்றிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. அத்தகைய இதழ்களின் பழைய பக்கங்களே மலேசியத் தமிழர்தம் தோட்டப்புற வாழ்க்கைக்கும், தமிழ்ப்பள்ளி வரலாற்றிற்கும், தொடக்கக் காலச் சிறுகதைகளுக்கும் முதன்மைச் சான்றுகள். ஓர் இதழ் நின்றுவிட்டால் அதன் பக்கங்களை மீண்டும் அச்சிட்டுத் தருவார் இலர். வருடி எடுத்த தாள் பின்னர் நொறுங்கிவிட்டால் மின்படியே மூலமாகிவிடுகிறது. அதனைச் சுமக்கும் சாதனத்தின் தேர்வு கொள்முதல் பிரிவின் பொறுப்பு மட்டுமன்று. அது ஆய்வாளரின் பொறுப்பும் ஆகும்.

சாதனங்கள் ஐந்தாண்டுக்கொரு முறை மாறும். தேடலுக்குத் திடநிலை, பெருந்தொகுப்பிற்கு வன்தட்டு என்ற இன்றைய பகுப்பும் விலை மாற்றத்தால் நாளை மாறலாம். மாறாதவை மூன்று வினாக்கள்: இத்தரவை எவ்வாறு தேடப்போகிறோம்? மின்சாரம் நின்ற கணத்தில் எழுதிக்கொண்டிருந்தது என்னவாகும்? இச்சாதனம் இன்றிரவே இறந்துபோனால் நாளைக் காலையில் எங்கிருந்து மீட்போம்? இவற்றிற்கு விடை எழுதப்பெற்ற விலைப்புள்ளியிலேயே கையொப்பமிடுவது என்ற வழக்கத்தை நம் துறைகள் மேற்கொள்ளுமாயின், பல்லாண்டுகள் முயன்று தொகுத்த தரவு அடுத்த தலைமுறை மாணவர்க்கும் பயன்படும்.